டர்போ சி++-ல் ஓடிய புரோகிராம் விஎஸ் கோடில் ஏன் எரர் அடிக்குது? எடிட்டர் மாறும் முன் இதைப் படிங்க!

விழுப்புரம், திண்டிவனம் இரண்டு ஊரிலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. இங்கே ஐடி வேலைக்குத் தயாராகிறவங்க, வீட்டில் புதுசா கோடிங் பழகுறவங்க அடிக்கடி சந்திக்கும் குழப்பம் இது. டர்போ சி++-ல் சரியா ஓடிய புரோகிராம், விஎஸ் கோடில் போட்டதும் எரர் காட்டும். ‘நமக்கு கோடிங் வராது போல’ன்னு மூடி வெச்சிடாதீங்க. பிரச்னை உங்ககிட்ட இல்லை.

அப்போ பிரச்னை எங்கே?

டர்போ சி++ 1990-ல் போர்லாண்ட் நிறுவனம் வெளியிட்ட மென்பொருள். டைப் பண்ணும் எடிட்டர், அதை இயக்கும் கம்பைலர் இரண்டும் அதிலேயே இருக்கும். மைக்ரோசாஃப்ட் 2015-ல் அறிமுகப்படுத்திய விஎஸ் கோட் வெறும் எடிட்டர்தான். கம்பைலரை நாமதான் தனியா இன்ஸ்டால் பண்ணணும். ஜிசிசி என்ற கம்பைலர் இலவசமாகவே கிடைக்கிறது.

கம்பைலர் போட்டும் எரர் வருதா?

சி++ மொழிக்கு 1998-ல்தான் சர்வதேச தரம் வந்தது. டர்போ அதற்கும் முந்தையது. அதனால் இந்த மூன்றையும் பாருங்க:

* ‘ஐஓஸ்ட்ரீம் டாட் ஹெச்’ என்பதில் ‘டாட் ஹெச்’ இப்போது கிடையாது.
* ‘வாய்ட் மெயின்’ என்பதை ‘இன்ட் மெயின்’ என மாற்றணும்.
* ஸ்கிரீனைத் துடைக்கும் ‘கிளியர் ஸ்கிரீன்’ கட்டளை, ‘கிராஃபிக்ஸ் டாட் ஹெச்’ இரண்டும் டர்போவோடு வந்தவை. ஜிசிசியில் இல்லை.

சில நேரம் விடையே மாறும். டர்போவில் ஒரு ‘இன்ட்’ 32,767 வரைதான் தாங்கும். இன்றைய கம்பைலர்களில் பொதுவாக 200 கோடிக்கு மேல் தாங்கும்.

கை பழக எவ்வளவு நாள்?

அது ஆளைப் பொறுத்தது. டர்போவில் எஃப்2 அழுத்தினால் ஃபைல் சேவ் ஆகும். விஎஸ் கோடில் அதே எஃப்2, வேரியபிளின் பெயரை மாற்றக் கேட்கும். முதல் சில நாள் வேகம் குறையத்தான் செய்யும். இன்டர்வியூவுக்கு முந்தின நாள் மட்டும் மாறாதீங்க.

இந்த எடிட்டரும் நாளைக்கு நின்னு போனா?

போகலாம். கிட்ஹப் உருவாக்கிய ‘ஆட்டம்’ எடிட்டர் 2022 டிசம்பர் 15-ல் நிறுத்தப்பட்டது. ஆனால் அதில் எழுதிய கோட் எதுவும் அழியலை. காரணம், கோட் என்பது சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். எந்த எடிட்டரிலும் திறக்கும்.

தனியா முயற்சி பண்ண தயக்கமா? விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு, கட்டற்ற மென்பொருள் பயிற்சிகளை உள்ளூரிலேயே நடத்தி வருகிறது.

இன்னைக்கே உங்க பழைய புரோகிராம் ஒன்றை எடுங்க. 20 வரி போதும். அதைப் புது எடிட்டரில் ஓட வெச்சுப் பாருங்க. அடுத்தது தானா வரும்.