நியூபோட்டின் ரெனிஸ் மனை

‘கசீனோ’ என்ற சொல் காதில் விழுந்ததும் நம்மவர் மனக்கண்ணில் சூதாட்ட மேசையே தோன்றும். ஐக்கிய அமெரிக்காவின் றோட் ஐலன்ட் மாநிலத்தில், அத்திலாந்திக் சமுத்திரக் கரையில் உள்ள நியூபோட் நகரத்துக் கசீனோவோ சூதாட்டத்துக்காக எழுந்ததன்று. இத்தாலிய மொழியிற் சிறு மனை எனப் பொருள்படும் அச்சொல்லை, ஓய்வுக்கும் விளையாட்டுக்கும் உரிய மன்றமொன்றுக்குப் பெயராக இட்டனர். 1881 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 31 ஆம் நாள் அந்நாட்டின் முதலாவது தேசிய ரெனிஸ் சுற்றுப்போட்டி அங்கேதான் தொடங்கிற்று. இன்று நியூயோர்க்கில் நடைபெறும் ‘யு.எஸ். ஓப்பன்’ அதன் வழித்தோன்றலே.

மனையைக் கட்டுவித்தவர் ‘நியூயோர்க் ஹெரல்ட்’ பத்திரிகையின் அதிபர் ஜேம்ஸ் கோர்டன் பெனற். ஆபிரிக்காவில் லிவிங்ஸ்டனைத் தேடிக் கண்டுபிடிக்குமாறு ஸ்ரான்லியை அனுப்பிய அதே பெனற்தான். அவருடைய நண்பரொருவர் குதிரையேறி நகரத்துப் பழைய கழகமொன்றின் விறாந்தைக்குள் நுழைந்தார் என்றும், கழகத்தார் சினந்தனர் என்றும், அதனாற் பெனற் தமக்கென ஒரு மன்றத்தையே எழுப்பினார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், 1880 ஆம் ஆண்டு கோடையில் மனை திறக்கப்பட்டது உண்மை.

வரைந்தவர்கள் மக்கிம், மீட், வைற் என்னும் கட்டடக் கலைஞர். அவர்களுள் ஸ்ரான்போட் வைற் அப்பொழுது முப்பது வயதையும் எட்டாத இளைஞர். பெல்வியூ வீதியில் நின்று பார்ப்பவருக்கு அது ஒரு கடைத்தொகுதியாகவே தோற்றும். வீதியோரம் நிரையாகக் கடைகள். அவற்றின் மேலே கூர்முகட்டுக் கூரைகள். நடுவில் உள்ள வளைவு வாயிலின் நிழலைக் கடந்த பின்னரே உள்ளே விரிந்துகிடக்கும் பசும்புற்றரை கண்ணிற் படும். அதனை அணைத்தாற்போல் வளைந்து செல்கின்றது ஒரு விறாந்தை. அதன் மரச் சட்டகங்களினூடே வெயில் துண்டுதுண்டாகச் சிதறி விழும். மணிக்கூட்டுக் கோபுரம் ஒருபுறம் நிற்க, சுவர்களைச் சின்னஞ்சிறு மரவோடுகள் மீன் செதில் போலப் போர்த்துள்ளன. அதே அயலில் 1892 இல் முடிந்த சலவைக்கல் மாளிகையையும், 1895 இல் எழுந்த, எழுபது அறைகள் கொண்ட ‘பிறேக்கர்ஸ்’ மாளிகையையும் பார்த்துவிட்டு வருபவருக்கு இம்மரமனையே மனிதன் குடியிருக்கத் தக்கதாகத் தோன்றும். என் உள்ளமும் மரத்தின் பக்கமே.

அம்மாளிகைகளின் கொல்லைப்புறத்தே, பாறைகளின் விளிம்பில், ஏறத்தாழ மூன்றரை மைல் நீளமான நடைபாதையொன்று செல்கின்றது. இரண்டாம் சார்ல்ஸ் மன்னன் 1663 இல் வழங்கிய பட்டயம் கரையோர மீன்பிடி உரிமையை மக்களுக்குக் காத்தது. பின்னர் மாநில அரசியலமைப்பும் கரையின் உரிமையை எழுத்தில் உறுதிசெய்தது. ஆதலாற் கோடீசுவரரின் புற்றரைக்கும் கடலுக்கும் நடுவே எளியவனும் நடந்து செல்லலாம். கடற்கரையை மதிலிட்டு மறிக்கும் செல்வர் எந்நாட்டிலும் உளர். அவர்கள் காணவேண்டிய பாதை இது.

ஆயினும் இந்நகரின் பழஞ் செல்வம் தூய வழியில் வந்ததன்று. 1709 க்கும் 1807 க்கும் இடையில் அடிமைகளை ஏற்றிவர றோட் ஐலன்டிலிருந்து ஆபிரிக்கா நோக்கிப் புறப்பட்ட கப்பற் பயணங்கள் தொள்ளாயிரத்துக்கும் மேல். நியூபோட் அவ்வணிகத்தின் முதன்மைத் துறைகளுள் ஒன்று.

கடற்பாதை திறந்திருந்தது போல ரெனிஸ் ஆடுகளம் திறந்திருக்கவில்லை. றிச்சாட் சியேர்ஸ் 1881 முதல் 1887 வரை ஏழு முறை தொடர்ந்து வாகை சூடினார். 1915 இல் அப்போட்டி நியூயோர்க்கின் பொறெஸ்ற் ஹில்சுக்குப் பெயர்ந்தது. அங்கும் தேசியச் சங்கம் கறுப்பின மக்களுக்குக் களத்தின் கதவைச் சாத்தியே வைத்திருந்தது. அவர்கள் 1916 இல் தமக்கெனத் தனிச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். 1950 இல் அல்தியா கிப்சன் என்ற நங்கை பொறெஸ்ற் ஹில்சில் ஆடியபோதே அக்கதவு திறந்தது. 1957 இலும் 1958 இலும் விம்பிள்டனையும் அமெரிக்கப் பட்டத்தையும் அவர் வென்றார். 1971 இல் அவர் பெயர் நியூபோட் மனையில் இடம்பெற்றது.

பெயர் பொறிக்க அங்கு இடம் அமைந்தது எப்படி? 1950 களில் மனை தளர்ந்து, இடிபடும் நிலையை எட்டியிருந்தது. அதனைக் காத்தவர் ஜிம்மி வான் அலன். 1954 இல் அங்கே ரெனிஸ் புகழ்மண்டபம் நிறுவப்பட்டது. முடிவின்றி நீளும் ஆட்டங்களை வெறுத்தவர் அவர். புள்ளி எண்ணும் புது முறைகளை அம்மனையின் புற்றரையிலேயே பரீட்சித்தார். 1970 இல் யு.எஸ். ஓப்பன் ஏற்றுக்கொண்ட ‘டை பிறேக்’ முறை அவர் சிந்தனையில் உதித்ததே.

அப்புற்றரையிற் சென்னை வீரரின் அடிகளும் பதிந்துள்ளன. விஜய் அமிர்தராஜ் 1976, 1980, 1984 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் நியூபோட் சுற்றுப்போட்டியை வென்றார். லியாண்டர் பயஸ் 1998 இல் அங்கு வென்றதே அவரது ஒரே உயர்தர ஒற்றையர் பட்டம். 2018 இற் சென்னையின் ராம்குமார் ராமநாதன் இறுதியாட்டம் வரை சென்று தோற்றார். அமிர்தராஜும் பயஸும் 2024 இற் புகழ்மண்டபத்திற் சேர்க்கப்பட்டனர். ஆசிய ஆடவர் எவரும் அதற்கு முன் அங்கு இடம்பெற்றதில்லை.

2025 முதல் அச்சுற்றுப்போட்டி ஒரு படி இறங்கி, ‘சலஞ்சர்’ தரத்தில் நடைபெறுகின்றது. மனையின் கதவு மட்டும் முன்னையிலும் அகலத் திறந்திருக்கிறது. கோடை மாதங்களிற் கட்டணம் செலுத்தும் எவரும், உறுப்பினர் அல்லாதவரும், சியேர்ஸ் ஆடிய மனையின் புற்றரையில் இறங்கிப் பந்தாடலாம்.