லேண்ட்சாட் படங்களுக்கு விலை இருந்த காலம்

அமெரிக்க அரசு 1972 ஜூலையில் முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோளை ஏவியது. அந்த வரிசையில் வந்த கோள்கள் இன்றும் பூமியைப் படமெடுத்துக்கொண்டிருக்கின்றன. ஒரு படத்தில் சுமார் 185 கிலோமீட்டர் அகலத்துக்கு நிலம் தெரியும். 1980களில் வந்த கருவியில் ஒரு புள்ளி என்பது 30 மீட்டருக்கு 30 மீட்டர், நம் கணக்கில் 22 சென்ட் நிலம். ஒரு சின்னத் தோப்பை வெட்டினாலும் அந்தப் புள்ளியின் நிறம் மாறிவிடும்.

1984இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, அடுத்த ஆண்டே இயோசாட் என்ற தனியார் நிறுவனத்தின் கைக்கு இந்தப் படங்களின் விற்பனை போனது. பயன்படுத்துகிறவர் காசு கொடுக்கட்டும், வரி கட்டுகிறவர் ஏன் சுமக்க வேண்டும் என்பது வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் படும். ஆனால் ஒரு படத்தின் விலை 4,400 டாலர்வரை ஏறியது. வாங்கியவர் அதைப் பிறருக்குப் படியெடுத்துத் தரவும் தடை. இதைவிடப் பெரிய நஷ்டம், வாங்க ஆளில்லாத நாடுகளைப் படமெடுப்பதே குறைந்துபோனது. விலையைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம். அன்று எடுக்காமல் விட்ட படத்துக்கு மாற்றே கிடையாது. அந்த ஓட்டைகள் இன்றும் காப்பகத்தில் இருக்கின்றன.

1992இல் இன்னொரு சட்டம் திட்டத்தை அரசிடமே திருப்பியது. 1999இல் ஏவிய லேண்ட்சாட் 7இன் படம் 600 டாலருக்குக் கிடைத்தது. அப்போதும் அதிகம் விற்ற ஆண்டில் போனவை 25,000 அளவில்தான். 2008இல் காப்பகம் முழுவதையும் இலவசமாகத் திறக்க முடிவாயிற்று. 2009இல் மக்கள் இறக்கிக்கொண்ட படங்கள் பத்து லட்சத்தைத் தாண்டின.

எண்ணிக்கையோடு வேலை செய்யும் முறையும் மாறியது. காசு கொடுத்து வாங்கிய காலத்தில், மேகமில்லாத படமாக ஆண்டுக்கு ஒன்றைத் தேடிப் பிடிப்பார்கள். அமேசான், காங்கோ காடுகளின் மேல் அப்படி ஒரு நாள் வாய்ப்பதே அரிது. இலவசமானபின் எல்லாப் படங்களையும் கணினியில் போட்டு, மேகம் மறைக்காத புள்ளிகளை மட்டும் பொறுக்கி ஒரே படமாகக் கோக்க முடிந்தது. மேரிலாந்து பல்கலைக்கழகக் குழு 2013இல் வெளியிட்ட உலகக் காடுகளின் வரைபடம் அப்படி உருவானதே. அதற்கு ஆறரை லட்சம் படங்கள் தேவைப்பட்டன. பழைய 600 டாலர் விலையில் அதற்கு 39 கோடி டாலர் ஆகியிருக்கும். எந்தப் பல்கலைக்கழகத்தாலும் தாங்க முடியாத தொகை.

ஐரோப்பிய ஒன்றியம் 2014 முதல் ஏவிய சென்டினல் கோள்களின் படங்களும் இலவசம். பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே 2010இல் தன் வரைபடங்களில் சிலவற்றைத் திறந்துவிட்டது. வீடு வீடாகக் காட்டும் நுண்ணிய தரவை இன்றும் விற்கிறது. இந்தியா 2021 பிப்ரவரியில் விதிகளைத் தளர்த்தி, இந்திய நிறுவனங்கள் வரைபடம் தயாரிக்க முன் அனுமதி வேண்டாம் என்றது. பொதுப்பணத்தில் திரட்டிய தரவு அரசுத் துறைகளுக்கு இலவசம், மற்றவர்களுக்கு நியாயமான, வெளிப்படையான விலை என்பது அந்த விதி.