கஜு போட்ட ஆமண்ட் ஐசிங்

டிசம்பர் பிறந்தால் பெரகல, ஹப்புத்தளைப் பக்கத்துக் கடைகளில் மூன்று சாமான்கள் முன்வரிசைக்கு வந்துவிடும். ஐசிங் சீனி, சின்னப் போத்தலில் ஆமண்ட் எசன்ஸ், நூறு கிராமாகவும் கால் கிலோவாகவும் கட்டி வைத்த கஜு. பாதாம் பருப்பை அந்த வரிசையில் தேட வேண்டாம். இருந்தாலும் விலையைக் கேட்டுவிட்டுத் திருப்பி வைக்கத்தான் வேண்டிவரும். ஆனால் இந்த மூன்றையும் வாங்கிப்போகிறவர் வீட்டில் செய்யப்போகிற சாமானுக்கு ஆமண்ட் ஐசிங் என்றுதான் பெயர். ரிச் கேக்கின் கறுப்புக்கும் மேலே பூசுகிற வெள்ளைக்கும் நடுவில் இளமஞ்சளாக ஒரு படை இருக்கிறதே, அதுதான். கிறிஸ்மஸ் கேக்கில் மட்டுமில்லை. கலியாண வீடு, சடங்கு வீடு, பிள்ளையின் முதலாம் பிறந்தநாள் என்று கோயிலுக்குப் போகிறவர்கள் வீட்டுக்கும் தேவாலயத்துக்குப் போகிறவர்கள் வீட்டுக்கும் அது பொது. அதில் பாதாம் கிடையாது.

இதை ஏமாற்று வேலை என்று சொல்லக்கூடாது என்பது என் கட்சி. பாதாமுக்குக் கஜுவைப் போடுவது கையில் காசில்லாதவர்களின் சமாளிப்பு மாதிரித் தோன்றும். அப்படியில்லை, அதற்குப் பெரிய குடும்பமே இருக்கிறது. பாதாமையும் சீனியையும் சேர்த்து அரைத்த மார்சிபான் ஸ்பெயினின் தொலேதோவுக்கும் ஜெர்மனியின் லூபெக்குக்கும் பெருமை சேர்க்கிற பண்டம். போர்த்துக்கேயரிடமும் பாதாம் இனிப்பு வகைகள் ஏராளம். அவர்களே 16ஆம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து முந்திரி மரத்தை, அதாவது நம் கஜு மரத்தை, இந்தியக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். பாதாம் முளைக்காத மண்ணில் முந்திரி காய்த்துத் தள்ளியது. மிச்சத்தைச் சமையல்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். கோவாவில் மார்சிபான் கஜுவில் ஆனது. ஐரோப்பாவில் பாதாமில் சுடுகிற மக்ரூன், தூத்துக்குடியில் முந்திரிப் பருப்பும் சீனியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்த மக்ரூன் ஆனது. தூத்துக்குடி மக்ரூனைக் கடித்துவிட்டு இதில் பாதாம் எங்கே என்று கேட்டவர் எவருமில்லை. இலங்கையில் பறங்கியர் வீட்டு லவ் கேக்கிலும் ரவையோடு கஜுதான் சேரும்.

பாதாமைப் பிறந்த வீட்டிலேயே கைவிட்டவர்களும் உண்டு. ஜெர்மன்காரர் அப்ரிகொட் கொட்டையின் பருப்பைப் பதப்படுத்தி அரைத்து, பெர்சிபான் என்று தனிப் பெயரிட்டு விற்கிறார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் சோயா மாவு, மாஜரின், சீனி, எசன்ஸ் நான்கையும் பிசைந்து பாதாம் பசை என்று கேக்கில் அப்பினார்கள். அதோடு ஒப்பிட்டால் நம்முடையது ராஜபோகம்.

ஊவாவுக்கு இந்தப் படை எந்த வழியாக வந்தது என்பதை ஊகிப்பது கஷ்டமில்லை. ஹப்புத்தளை புனித அந்திரேயர் ஆலயம் 1869இல் கட்டப்பட்டது. மடுல்சீமையில் கோப்பி இலையைத் தின்னும் நோய் முதன்முதலாகக் கண்ணில் பட்டதும் அதே வருடம். கோப்பி போய்த் தேயிலை வந்தது, துரைமார் மாத்திரம் போகவில்லை. லிப்டன் தம்பேதென்னையில் தொழிற்சாலை போட்டது 1890இல். சர் தோமஸ் வில்லியர்ஸ் அடிஷாம் பங்களாவைக் கட்டியது 1931இல். பங்களா என்றால் டிசம்பரில் கேக் இருக்கும். கேக் இருந்தால் அடுப்படியில் முட்டை அடிக்க ஒரு அப்பு இருப்பார். துரைசாணி புத்தகத்தைப் பார்த்து வாசித்திருப்பார். கையில் இருந்த பருப்பை வைத்துச் செய்து முடித்தவர் அப்பு. அப்புமாரின் கைப்பக்குவம் எந்தச் சமையல் புத்தகத்திலும் அவர்கள் பேரோடு ஏறவில்லை. அது லயத்துக்கும் நாட்டுக்கும் பேக்கரிக்கும் வாய்வழியாகவே இறங்கியது.

சரி, கஜுவை அரைத்தால் பாதாம் வாசனை எப்படி வருகிறது? இங்கேதான் வேடிக்கை. நாம் சாப்பிடுகிற இனிப்புப் பாதாமுக்கே அந்த வாசனை மிகக் குறைவு. கடையில் வாங்கிய பாதாமை மென்று பாருங்கள், எசன்ஸ் போத்தலைத் திறந்தால் மூக்கில் ஏறுகிற அந்த மணம் வராது. அது கசப்புப் பாதாமின் மணம். கசப்புப் பாதாமில் அமிக்டலின் என்ற பொருள் இருக்கிறது. நசுக்கி ஈரம் பட்டால் அது உடைந்து பென்சால்டிஹைட் என்ற வாசனைப் பொருளையும் கூடவே சயனைட் நஞ்சையும் விடுகிறது. 1832இல் லீபிக், வோலர் என்ற இரு ஜெர்மன் இரசாயனவியலாளர்கள் கசப்புப் பாதாம் எண்ணெயைக் குடைந்து எழுதிய கட்டுரை சேதன இரசாயனத்தின் ஆரம்ப காலச் சாதனைகளில் ஒன்று. இன்று கடைப் போத்தலில் இருப்பது பெரும்பாலும் நஞ்சு நீங்கிய அல்லது செயற்கையாகச் செய்த பென்சால்டிஹைட். ஆகவே ஐரோப்பிய வீட்டில் அசல் பாதாமை அரைக்கிறவரும் மணத்துக்கு எசன்ஸ் விடுவதுண்டு. பருப்பு எதுவானாலும் மணம் போத்தலில்தான். ஒரு எச்சரிக்கை: வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் பீச் மரம் வைத்திருப்பவர்கள், கொட்டையை உடைத்தால் இதே மணம் வருகிறதே என்று அந்தப் பருப்பை அரைத்துப் போடக்கூடாது. மணத்தோடு நஞ்சும் வரும்.

பெரகல சந்தியில் நின்றால் வீதி மூன்றாகப் பிரியும். ஒன்று ஹல்துமுல்லை, பெலிஹுல்ஓயா வழியாகக் கொழும்புக்கு. ஒன்று மேலே ஹப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும். மூன்றாவது கொஸ்லாந்தை வழியாகக் கீழே வெல்லவாயவுக்கு. அந்தக் கீழ் வீதிதான் நம்முடைய ஆமண்ட் ஐசிங்கின் உண்மையான வீதி என்பேன். மொனராகலை மாவட்டத்து வரண்ட நிலத்தில் கஜு காய்க்கிறது. அதே மாவட்டத்துப் பெல்வத்தையிலும் செவனகலையிலும் கரும்பை ஆட்டிச் சீனி எடுக்கிறார்கள். பாதாம் மரத்துக்கோ பனிக்காலக் குளிரும் மழையில்லாத கோடையும் வேண்டும். உலகப் பாதாமில் பெரும்பங்கு கலிபோர்னியாவில் விளைவதற்கு அதுதான் காரணம். ஐந்து மாதம் மழையும் மிச்ச நாளில் மூட்டமுமாக இருக்கிற நம் மலையில் அதை நட்டு ஆவது ஒன்றுமில்லை. பருப்பு, சீனி, முட்டை மூன்றும் ஊவாவுக்குள்ளேயே கிடைக்கும்போது வெளியிலிருந்து வர வேண்டியது ஒரு சின்னப் போத்தல் மட்டும்.

அதற்காகக் கஜு மலிவு என்று அர்த்தமில்லை. தோட்டத்து நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய் ஆனது, 2024இல் 1,350 ரூபாய் ஆனது. அந்த ஒரு நாள் சம்பளத்துக்குள் ஒரு கிலோ நல்ல கஜு அடங்காது. ஆனால் அரைக்கப்போகிற பருப்புக்கு முழுசு எதற்கு? உடைந்த கஜுவை வாங்குங்கள். ருசி அதேதான், விலை குறைவு. வாங்கும்போது ஒன்றை வாயில் போட்டுப் பாருங்கள். பழைய எண்ணெய்க் காறல் அடித்தால் எந்த எசன்ஸும் அதை மூடாது. கச்சானை அரைத்துப் போட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். கச்சான் தன் வாசனையை விட்டுக்கொடுக்காது. அதைக் கச்சான் அல்வாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டு அங்குல வட்டக் கேக்கின் மேலும் பக்கமும் மூட 250 கிராம் கஜு, 500 கிராம் ஐசிங் சீனி, ஒரு முட்டையின் வெள்ளைக்கரு போதும். ஆமண்ட் எசன்ஸ் அரைத் தேக்கரண்டி. வீடுகளில் ஒரு தேக்கரண்டி ஊற்றுகிறார்கள், என் மூக்குக்கு அது மருந்துக்கடை. ரோஸ் எசன்ஸ் இரண்டு மூன்று துளி. வீட்டில் பிரண்டி இருந்தால் ஒரு தேக்கரண்டி.

வேலை கெடுவது இரண்டு இடத்தில்: ஈரத்தில், எண்ணெயில். டிசம்பர் மூட்டத்தில் கஜு நமத்துப்போயிருக்கும். வெயிலை நம்ப முடியாது. தாச்சியை இளஞ்சூட்டில் வைத்து, நிறம் மாறாமல் ஈரம் போகும் மட்டும் புரட்டி எடுத்து, நன்றாக ஆறவிட வேண்டும். சூட்டோடு மிக்சியில் போட்டால் பசையாகிவிடும். ஆறிய கஜுவை ஒரு மணி நேரம் பிரிட்ஜில் வைத்தால் இன்னும் நல்லது. கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு, ஒவ்வொரு தடவையும் இரண்டு மேசைக்கரண்டி ஐசிங் சீனி சேர்த்து, நாலைந்து விநாடி ஓட்டி நிறுத்தி, மூடியைத் திறந்து ஓரத்தைச் சுரண்டிவிட்டு, மறுபடி ஓட்ட வேண்டும். சீனி எண்ணெயை உறிஞ்சித் தூளைத் தூளாக வைத்திருக்கும். தொடர்ந்து ஓடவிட்டால் அரை நிமிடத்தில் அடியில் கட்டிபிடித்து மினுங்க ஆரம்பிக்கும். ‘கஜு அரைக்கிறப்ப கதை பேசிக்கிட்டு நிக்காத புள்ள’ என்று மூத்தவர்கள் அதட்டுவது இதற்குத்தான். அரைத்ததைச் சல்லடையில் அரித்து, தங்கிய குருணையை மட்டும் திரும்பப் போடுங்கள். ஐசிங் சீனியையும் அரியுங்கள். நம்மூர்க் காற்றில் அது கட்டிகட்டியாக உறைந்திருக்கும்.

தூளும் சீனியும் கலந்து குழி பறித்து எசன்ஸை விட்டு, வெள்ளைக்கருவை லேசாக அடித்துக் கரண்டி கரண்டியாகச் சேர்க்க வேண்டும். ஒரே அடியாக ஊற்றினால் குழம்பும். முதலில் உதிரும், இது ஒட்டவே ஒட்டாது என்று தோன்றும். உள்ளங்கைச் சூடு ஏறினால் திடீரென்று திரண்டுவிடும். சப்பாத்தி மாவை விடச் சற்று இறுக்கமாக, பெருவிரலால் அழுத்தினால் ஓரம் வெடிக்காமல் குழி விழ வேண்டும். அத்தோடு கையை எடுத்துவிடுங்கள். மேலும் பிசைந்தால் மேற்பரப்பில் எண்ணெய் வியர்க்கும். அப்படி வியர்த்ததும் எல்லோரும் செய்வது இன்னும் ஐசிங் சீனியைக் கொட்டுவது. அது தப்பு, படை பொருபொருவென்று உடையும். பிசைந்ததைக் குளிரான இடத்தில் அரை மணி நேரம் வைத்துவிட்டு, ஒரு தேக்கரண்டி வெள்ளைக்கருவோ பிரண்டியோ தெளித்து மெல்ல மடித்தால் எண்ணெய் உள்ளே போய்விடும். இதை அறியாமல் வீசியெறியப்பட்ட கஜு எவ்வளவோ.

அசல் பாதாம் கிடைத்தால்? கொதிநீரை ஊற்றி ஒரு நிமிடம் விட்டு, பச்சைத் தண்ணீரில் போட்டுப் பிதுக்கினால் தோல் கழன்று வரும். ஓர் இரவாவது உலர வேண்டும். பாதாமில் நார் அதிகம், கஜுவில் மாச்சத்து அதிகம். அதனால் பாதாம் பசையில் சொரசொரப்பு நிற்கும், கஜுப் பசை வழுவழுப்பாகத் திரளும். கேக்கை மூட எனக்குக் கஜுவே பிடிக்கும். பாதாம் இருந்தால் பணியாரத்துக்குள் வைத்துச் சுடுவதற்கு வைத்துக்கொள்வேன்.

சுடுவதற்கென்றால் கணக்கும் மாறும். பருப்புக்கு இரண்டு மடங்கு சீனி என்பது கேக்கின் மேலே பூசத்தான். அதையே பன்னுக்குள்ளோ டார்ட்டுக்குள்ளோ வைத்தால் சீனி உருகி வெளியே ஓடி, தட்டில் கருகும். சுடுகிற பண்டத்துக்குப் பருப்பும் சீனியும் சம எடை. அதற்கு ஐசிங் சீனிகூடத் தேவையில்லை. பெல்வத்தைச் சிவப்புச் சீனியை மிக்சியில் பொடித்துப் போடலாம். நிறம் மங்கும், ருசி கூடும். பட்டர் கேக் மாவை அரைவாசி ஊற்றி, நடுவில் இந்தப் பசையை மெல்லியதாகத் தட்டி வைத்து, மிச்ச மாவை ஊற்றிச் சுட்டுப் பாருங்கள். கொட்டை நீக்கிய பேரீச்சம்பழத்துக்குள் அடைத்தால் அடுப்பே வேண்டாம்.

பச்சை முட்டைக்குப் பயப்படுகிறவர்கள், முட்டை சேர்க்காத வீட்டார், சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கிறவர்கள் பாகு முறைக்குப் போகலாம். 200 கிராம் சீனியை 75 மில்லிலீற்றர் தண்ணீரில் கரைத்து ஒரு கம்பிப் பாகு வைத்து, 250 கிராம் கஜுத் தூளைக் கொட்டிச் சிறுதீயில் கிளறி, தாச்சியை விட்டு விலகி வரும்போது இறக்கி, எசன்ஸ் விட்டு இளஞ்சூட்டில் பிசைய வேண்டும். வட இந்தியக் கடைகளின் கஜு கத்லிக்கு இது சொந்தக்காரன். வெப்பமானி வைத்துப் பாகு பார்க்கிறவர்களுக்கு ஒரு சங்கதி. ஹப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேல். அங்கே தண்ணீர் 95 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும். கொழும்பில் எழுதிய குறிப்பின் பாகையில் ஐந்தைக் குறைக்காவிட்டால் பாகு முற்றிவிடும். விரலுக்கு இந்தத் தொல்லை இல்லை, கம்பி எந்த மலையிலும் கம்பிதான்.

பெயரால் வருகிற ஆபத்து ஒன்று உண்டு. பாதாம் ஒத்துக்கொள்கிற சிலருக்குக் கஜு ஒத்துக்கொள்ளாது. உடம்பு தடித்து மூச்சுத் திணறுகிற அளவுக்குப் போகலாம். வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரப் பிள்ளைகள் ஆமண்ட் என்று கேட்டதை நம்பிச் சாப்பிட்டுவிடுவார்கள். கலியாணக் கேக்கைத் துண்டு போட்டுப் பெட்டியில் கொடுக்கிறவர்கள் கஜு சேர்ந்தது என்று ஒரு வரி எழுதிவிடுவதில் கேக்கின் மதிப்பு குறையாது.

கடைசியாக, பூசுகிற வேலை. ஜாமை லேசாகச் சூடாக்கி, வடித்துக் கேக்கின் மேல் பூசினால் பசை பிடிக்கும். புத்தகங்கள் அப்ரிகொட் ஜாம் கேட்கும். அன்னாசி ஜாம் தாராளம். அடிஷாமில் இன்றைக்கு இருக்கிற துறவி மடம் விற்கிற ஜாம் கிடைத்தால் அதுவும் ஆகும். ஒயில் பேப்பர் இரண்டுக்கு நடுவே பசையை வைத்துக் கால் அங்குல மொத்தத்துக்கு உருட்டி மூட வேண்டும். வெட்டிய ஓரங்களைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் கரட், லீக்ஸ், பீட்ரூட் என்று வெலிமடைச் சந்தையையே செய்துவிடுவார்கள். மூடிய கேக்கைப் பொலித்தீனில் கட்டக்கூடாது. மெல்லிய துணியால் மூடிக் காற்றுப்படும் இடத்தில் வைத்தால்தான் மேற்பரப்பு காயும். காயாமல் வெள்ளை ஐசிங் ஏற்றினால் கேக்கின் எண்ணெயும் கறுப்பும் இரண்டு நாளில் மேலே ஊறித் திட்டுத்திட்டாகத் தெரியும். கீழே வெல்லவாயவில் இரண்டு மூன்று நாளில் காய்வது பெரகல மூட்டத்தில் ஒரு கிழமை எடுக்கும். 25ஆம் திகதிக்குக் கேக் வெட்ட வேண்டுமென்றால் 16ஆம் திகதியே ஆமண்ட் படை ஏறியிருக்கட்டும். மழை விடாத வருடமென்றால் 14.