குறுக்குக் கோடும் குண்டின் பாதையும்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம் நவம்பர் இறுதியில் ஒன்பது நாள்கள். ஆனால் பொறுப்புள்ள வேட்டைக்காரருக்கு வேலை அதற்குச் சில வாரங்கள் முன்பே சுடுதளத்தில் தொடங்கிவிடுகிறது. ரைபிளின் மேல் பொருத்திய ஸ்கோப்பை, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியை, ‘ஜீரோ’ செய்ய வேண்டும். அதற்குள் தெரியும் குறுக்குக் கோடுகள் சந்திக்கும் புள்ளியிலேயே, குறித்த தூரத்தில், குண்டும் போய் விழும்படி திருத்துவதுதான் ஜீரோ. மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி சுமார் 20 செ.மீ. அகலம்தான். குறி பிசகினால் அந்த விலங்கு குண்டுக் காயத்தோடு ஓடி, எங்கோ துடித்துச் சாகும். அந்தக் கொடுமையைத் தவிர்க்கவே இத்தனை பாடு.

ஸ்கோப் குழலுக்கு மேலே சுமார் 4 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. கண் பார்ப்பது நேர்கோட்டில். குண்டோ குழலை விட்டதுமே புவியீர்ப்பால் விழத் தொடங்குகிறது. நொடிக்கு 860 மீட்டர் வேகத்தில் கிளம்பும் .308 ரக ரைபிள் குண்டுகூட 100 கெஜத்தை (91 மீட்டர்) கடப்பதற்குள் ஏறக்குறைய 6 செ.மீ. இறங்கிவிடும். இரண்டையும் சேர்த்து 10 செ.மீ.யை ஈடுகட்ட, பார்வைக் கோட்டைவிடக் குழல் ஒரு பாகையில் பதினாறில் ஒரு பங்கு அண்ணாந்திருக்க வேண்டும். கண்ணால் காணவே முடியாத சாய்வு. ஸ்கோப்பின் திருகுகள் செய்வது இந்த நுட்பமான வேலையைத்தான்.

பெரும்பாலான அமெரிக்க ஸ்கோப்களில் திருகின் ஒரு ‘கிளிக்’, 100 கெஜத்தில் குறியைச் சுமார் 7 மி.மீ. நகர்த்தும். நகர்வது கோணம் என்பதால் 25 கெஜத்தில் அதே கிளிக்குக்குக் கால் பங்குதான் பலன். 6 செ.மீ. பிழையைத் திருத்த 100 கெஜத்தில் 9 கிளிக் போதும். 25 கெஜத்தில் 36 வேண்டும். புதிதாகப் பழகுபவர்கள் தடுமாறுவது இந்தக் கணக்கில்தான்.

முதலில் 25 கெஜத்தில் சுட்டு, குண்டு இலக்கு அட்டையில் படுவதை உறுதிசெய்துகொள்வார்கள். பிறகு 100 கெஜம். ரைபிளை மணல் மூட்டையில் அசையாமல் தாங்கவைத்து, ஒரே புள்ளியைக் குறிவைத்து மூன்று முறை சுடுவார்கள். ஒரே ஒரு துளையை நம்பித் திருகைத் தொடக்கூடாது. அது சுட்டவரின் கை நடுக்கமாகவும் இருக்கலாம். மூன்று துளைகளின் நடுவே எது மையம் என்று பார்த்து, அதைத்தான் நகர்த்த வேண்டும். துளைகள் சிதறிக் கிடந்தால் திருகைவிட்டு, ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையங்களின் திருகாணிகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பதே சரி.

தொடர்ந்து சுட்டால் குழல் சூடேறி, குண்டு படும் இடம் மாறக்கூடும். காட்டில் மான் மீது பாய்வதோ குளிர்ந்த குழலின் முதல் குண்டு. அதனால் குழலை ஆறவிட்டு, வேட்டைக்கு எடுத்துப்போகும் அதே வகைத் தோட்டாவால் ஒருமுறை சுட்டுப் பார்த்த பிறகே ரைபிளை உறையில் இடுவார்கள்.