காதுக்கும் ஒரு பரீட்சை

எண்பதுகளில் தமிழ்நாட்டுக் கலைக் கல்லூரிகளில் படித்தவர்களிடம் ‘பார்ட் டூ இங்கிலீஷ்’ என்று சொல்லிப் பாருங்கள், பலருக்கும் அரியர்தான் ஞாபகம் வரும். உரைநடை, கவிதை, நான்-டீடெயில், கடைசியில் மூன்று மணி நேரத் தேர்வு. மேஜரில் முதல் வகுப்பு வாங்கியவர் ஆங்கிலத்தில் கோட்டைவிட்டு, டிகிரி கைக்கு வராமல் அலைந்த கதை ஊருக்கு ஊர் உண்டு.

அந்தத் தேர்வு சோதித்தது ஆங்கிலத்தையா? கைடை எவ்வளவு உருப்போட்டிருக்கிறோம் என்பதைத்தான். வாசிப்புக்கென்று இருந்தது ஒரு காம்ப்ரிஹென்ஷன் பத்தி. அதற்கும் குறுக்குவழி இருந்தது. கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடு, அது இருக்கும் வரியை அப்படியே பெயர்த்து எழுது, மதிப்பெண் விழும். அர்த்தம் புரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

கேட்டலுக்குத் தேர்வே கிடையாது. ஆங்கிலப் பாடமே பாதி தமிழில்தான் நடந்தது. ஆசிரியரைக் குறை சொல்லவில்லை. பன்னிரண்டு வருடம் தமிழ்வழியில் படித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தவர்களிடம் அவர் வேறு எப்படித்தான் பேசுவார்?

காதுக்கும் பரீட்சை உண்டு என்பது வெளிநாட்டுப் படிப்புக்கு முயன்ற சிலருக்குத்தான் தெரியும். 1964-இல் தொடங்கிய டோஃபல் அவர்களைச் சோதித்தது. அதிலும் ஒரு வேடிக்கை: உரையைக் கேட்கும்போது குறிப்பெடுக்கக் கூடாது. கல்லூரியில் கேட்டுக் குறிப்பெடுப்பதுதானே வேலை! 2005-இல் இணையவழிக்கு மாறிய பிறகுதான் அந்தத் தடை போனது.

இன்று நிலைமை வேறு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 பாடத்திட்டத்தில் கேட்டலுக்கும் பேச்சுக்கும் ஓர் ஆய்வகம், வாசிப்புக்கும் எழுத்துக்கும் ஓர் ஆய்வகம் என்று தனித்தனியே வந்துவிட்டன. பிளேஸ்மென்ட் தேர்வுகளிலும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பதில் சொல்லச் சொல்கிறார்கள். ஐஇஎல்டிஎஸ் பயிற்சி மையம் சின்ன ஊர்களுக்கும் வந்துவிட்டது.

அந்த ஐஇஎல்டிஎஸ் கேட்டல் தேர்வு சுமார் 30 நிமிடம், 40 கேள்வி. ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஓடும். தொலைபேசியில் ஒரு பெண் அறை பதிவு செய்கிறாள். செவ்வாய்க்கிழமை என்கிறாள், ‘இல்லை இல்லை, வியாழன்’ என்று உடனே மாற்றுகிறாள். முதல் கிழமையை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தவருக்கு அந்த மதிப்பெண் போச்சு. தர்ட்டீனா தர்ட்டியா என்ற குழப்பம் தனி. ஆஸ்திரேலிய உச்சரிப்பும் நடுவில் வரும்.

வாசிப்பில் நம் பிள்ளைகளை அதிகம் கவிழ்ப்பது ‘ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்’ கேள்வி. தேயிலையின் தாயகம் சீனா என்று பத்தி சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘சீனர்கள் தினமும் தேநீர் குடிக்கிறார்கள்’ என்பது கேள்வி. ஊருக்கே தெரிந்த விஷயமாயிற்றே என்று ட்ரூ போடுகிறார்கள். பத்தி அதைப் பற்றிப் பேசவே இல்லை. விடை நாட் கிவன். தெரிந்ததையெல்லாம் கொட்டி எழுதியே வளர்ந்தவர்களுக்கு, ‘இந்தத் தாளில் இருப்பதை மட்டும் சொல்’ என்பது பெரிய சோதனைதான். ஆனால் வாசிப்பு என்பதே அதுதான்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால் இல்லை. பூட்டியே கிடக்கும் லாங்குவேஜ் லேப்கள் உண்டு. கேட்காத காதுக்கும் இன்டர்னல் மார்க் தாராளமாக விழும் கல்லூரிகள் உண்டு. இன்றைய மாணவர்கள் யூடியூப் தயவில் எங்கள் தலைமுறையைவிட நன்றாகவே கேட்கிறார்கள். நான்கு பக்கம் தொடர்ந்து வாசிக்கச் சொன்னால்தான் நெளிகிறார்கள். நான்-டீடெயில் கதையை முழுசாகப் படித்த அந்தக் காலத்துச் சிலர் இதில் இவர்களைவிட ஒரு படி மேல்.

வினாத்தாள் தயாரிக்கும் பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்தக் கைடிலும் இல்லாத இரண்டு பக்கக் கட்டுரை ஒன்றையும், ஒரே முறை ஓடும் ஐந்து நிமிட ஒலிப்பதிவு ஒன்றையும் செமஸ்டர் தேர்விலேயே வையுங்கள். முதல் வருடம் தேர்ச்சி விகிதம் சரியும். சரியட்டும்.