குழந்தைக்குக் காது கேட்கிறதா? காலத்தோடு கண்டறிதல்

காதின் படத்தைத் தந்து பாகங்களைப் பெயரிடச் சொன்னால், செவிப்பறை, சிற்றென்புகள், நத்தைச்சுருள், செவி நரம்பு என மாணவர் பலர் சரியாக எழுதிவிடுவர். இவற்றுள் ஒன்று பிறப்பிலேயே பழுதுபட்டிருந்தால் வீட்டார் அதை எவ்வாறு அறிவர் என்று கேட்டால்தான் தடுமாறுவர்.

விடை எளிதன்று. செவிப்புலன் குறைந்த குழந்தையும் பசித்தால் அழும், முகம் பார்த்துச் சிரிக்கும், முதல் மாதங்களில் 'ஆ', 'ஊ' என ஒலியெழுப்பும். தன் குரலையே கேளாத குழந்தையும் இவ்வாறு செய்யும் என்பதைப் பலர் அறியார். வேறுபாடு ஏறத்தாழ ஆறு மாதத்தின் பின்னரே தெரியத் தொடங்கும். மற்றக் குழந்தைகள் 'பபப', 'மமம' என அடுக்கிச் சொல்லும் வேளையில் இக்குழந்தையின் ஒலிகள் பெருகா.

வீட்டில் செய்யும் சோதனைகளும் ஏமாற்றக்கூடும். படலையடியில் லான்ட்மாஸ்ரர் வந்தால் நிலம் அதிரும்; குழந்தை அந்த அதிர்வுக்கே திரும்பலாம். முன்னால் நின்று கைதட்டினால் கையசைவைக் கண்டு கண் சிமிட்டும். பகுதியளவில் கேட்கும் குழந்தைக்கு மேளச்சத்தம் கேட்கும், ஆனால் பேச்சிலுள்ள 'ச' போன்ற மெல்லிய, உயர் அதிர்வெண் ஒலிகள் கேளா. எனவே குழந்தையின் பின்புறமாக, நிழலும் விழாதவாறு நின்று, சாதாரண குரலில் பெயர் சொல்லி அழைத்துப் பார்க்க வேண்டும்.

பிறந்த குழந்தை திடீர்ச் சத்தத்துக்குத் திடுக்கிடும். மூன்று மாதமளவில் தாயின் குரல் கேட்டு அழுகை தணியும். ஆறு மாதமளவில் ஒலி வரும் திசைக்குத் திரும்பும். ஒன்பது மாதமளவில் தன் பெயருக்குத் திரும்பும். ஒரு வயதளவில் முதற்சொல் வரும். இரண்டு வயதில் 'பால் தா' என இரு சொற்களை இணைக்கும். இவை பிந்தினால், "தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்" என்று ஆறுதல் சொல்லிக் காத்திருத்தல் பிழையாகும்.

வன்னியில் இவ்விடயத்துக்குத் தனியான ஒரு பக்கமும் உண்டு. 2009 மே வரை நடந்த போரில் எறிகணை வெடிப்புகளால் செவிப்பறை கிழிந்தவர்களும் நத்தைச்சுருளின் மயிர்க்கலங்கள் அழிந்தவர்களும் இன்று பெற்றோராக உள்ளனர். இக்குறைபாடு பிள்ளைக்குக் கடத்தப்படுமா? கடத்தப்படாது. வெடிப்பினால் ஏற்பட்டது வாழ்நாளில் பெறப்பட்ட இயல்பு. அது பரம்பரையலகை மாற்றுவதில்லை. மாறாக, நன்றாகக் கேட்கும் பெற்றோர் இருவரும் பின்னிடைவான ஒரே பரம்பரையலகைக் காவினால் செவிப்புலனற்ற பிள்ளை பிறக்கலாம். இரத்த உறவுத் திருமணத்தில் இதற்கான வாய்ப்பு கூடும். ஆயினும் காது மந்தமான தாய், குழந்தை ஒலிக்குத் திரும்பாததைக் கவனிக்கத் தவறலாம். அவ்வீட்டில் முதலில் கவனிக்கக்கூடியவர் பாடசாலை செல்லும் அக்காவோ அண்ணாவோ தான்.

கர்ப்பகால றுபெல்லாத் தொற்று, குறைமாதப் பிறப்பு, கடுமையான மஞ்சள் காமாலை, மூளைமென்சவ்வு அழற்சி என்பனவும் காரணங்களாகும். இலங்கையில் 1996 இல் றுபெல்லாத் தடுப்பூசி ஆரம்பிக்கப்பட்டது. 2020 இல் அந்நோய் ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது.

சந்தேகம் எழுந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டுடன் சென்று கூறவேண்டும். அவர் சுகாதார வைத்திய அதிகாரி ஊடாக வைத்தியசாலைக்கு வழிப்படுத்துவார். அங்கு செய்யக்கூடிய ஒரு சோதனை விஞ்ஞான மாணவருக்குச் சுவையானது. காதில் சிறு முனையொன்றை வைத்து மெல்லிய ஒலி அனுப்பப்படும். நலமான நத்தைச்சுருள் அதற்கு மறுமொழியாக மிகநுண்ணிய ஒலியொன்றை வெளிவிடும்; கருவி அதைப் பதியும். குழந்தை தூங்கும்போதே செய்யலாம், வலியில்லை.

ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் நோய் நிர்ணயம், ஆறு மாதத்துக்குள் உதவி ஆரம்பம் என்பது சர்வதேச அளவில் கூறப்படும் இலக்கு. மூளை மொழியைப் பதியும் காலம் இந்த முதல் வருடங்களே என்பதால் இவ்வளவு அவசரம். செவிப்புலன் கருவியோ சைகை மொழியோ, எதுவாயினும் முந்திக் கிடைக்க வேண்டும். 'ஊமை' எனப்பட்ட பலரின் குரல்வளையில் குறையேதும் இல்லை. கேளாததால் பேச்சைக் கற்கவில்லை, அவ்வளவே.

காதில் சீழ் வடிதல் வேறுவகை. பெரும்பாலும் நடுக்காதைச் சார்ந்தது, மாற்றக்கூடியது. எண்ணெய் விடுவதும் கோழியிறகால் துடைப்பதும் கூடாது.

பயிற்சி வினா: பத்து மாதக் குழந்தையொன்று கதவு அடிபடும்போது திரும்புகிறது, பின்னாலிருந்து பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. தாயார் "காது கேக்குது" என்கிறார். அவர் கூற்று ஏன் போதாது என்பதற்கு இரு காரணங்கள் தருக.