தாஹோவில் பருப்பு ஏன் வேகவில்லை?

பனி பார்க்கத் தாஹோ ஏரிக்குப் போகும் கலிஃபோர்னியாவின் பே ஏரியாத் தமிழர்கள் பலர் வாடகை வீட்டிலேயே சமைத்துக்கொள்வார்கள். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பை வேகப்போட்டால், தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்கும்; பருப்போ வெகுநேரம் மசியாது. அடுப்பைக் கூட்டினால் தண்ணீர்தான் சீக்கிரம் வற்றும்.

கொதிக்கத் தொடங்கும் உலையைக் கூர்ந்து பாருங்கள். முதலில் ஓரத்தில் ஒட்டும் பொடிக் குமிழிகள், நீரில் கரைந்திருந்த காற்று. பிறகு அடியிலிருந்து கிளம்பும் ஆவிக் குமிழிகள் பாதி வழியிலேயே நசுங்கி மறையும். அந்த நேரத்து இரைச்சல் அதனால் வருவது. குமிழிக்குள் இருக்கும் ஆவியின் அழுத்தம், மேலே காற்று அழுத்தும் அளவுக்கு ஈடாகும்போதுதான் அது நசுங்காமல் மேலே வந்து சேரும். அதுதான் கொதிநிலை. அதன்பின் கொடுக்கும் வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்கவே செலவாகும், சூடு ஏறாது.

பே ஏரியாவில் கடல்மட்டத்தை ஒட்டிய ஃப்ரீமாண்டில் தண்ணீர் ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். தாஹோ ஏரி சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் ஐந்தில் நான்கு பங்குதான். 94 டிகிரியிலேயே கொதி வந்துவிடும். நம் ஊட்டியில் இன்னும் ஒன்றிரண்டு டிகிரி குறைவு. பருப்பு வேகத் தேவை சூடு. கொதியின் ஆர்ப்பாட்டம் அல்ல.

கொதிநிலையை உயர்த்த வழி கண்டவர் பிரெஞ்சுக்காரரான டெனி பாப்பன். 1679-இல் ஆவியை அடைத்துவைக்கும் பாத்திரம் செய்து எலும்பையே மிருதுவாக்கிக் காட்டினார். அது வெடிக்காமலிருக்க எடை வைத்த வால்வையும் அமைத்தார். நம் குக்கர் வெயிட்டுக்கு அதுவே முன்னோடி. வெயிட் சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்டு அழுத்தத்தைத் தாங்கி நிற்கும். உள்ளே தண்ணீர் 121 டிகிரி வரை போகும்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. வெயிட் தரும் அழுத்தம், அந்த ஊர்க் காற்றின் அழுத்தத்தோடு கூடுவது. தாஹோவில் காற்றின் பங்கு குறைவதால், அதே குக்கர் அதே விசில் அடித்தாலும் உள்ளே சூடு சுமார் 118 டிகிரிதான். இன்ஸ்டன்ட் பாட் என்ற மின்குக்கரின் அழுத்தம் 10 முதல் 12 பவுண்டு. அங்கே அது 112 டிகிரியை ஒட்டியே நிற்கும். வீட்டுக் கணக்கில் மூன்று விசில் விட்டால் போதாது. 2,000 அடிக்கு மேல் ஒவ்வொரு 1,000 அடிக்கும் 5 சதவீத நேரம் கூட்டுவது குக்கர் சமையலின் வழக்கம். தாஹோவுக்கு ஐந்தில் ஒரு பங்கு நேரம் கூடுதலாக வைத்தால் பருப்பு மசிந்துவிடும்.